வெளியே பூட்டிய வீடு

குச்சவெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் திரேசம்மாவை ஏற்ற முடியாது. என் மனுசியின் வலது கால் தொடைவரை பிளாஸ்ரரில் இருந்தது. மீன் சந்தையில் கழுவிவிட்ட தரையில் சறுக்கி விழுந்தவள். ஆறு கிழமைக்குக் கால் நிலத்தில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பிடித்து, பின்பெட்டியில் மெத்தையை விரித்து, சட்டிபானையோடு அவளையும் ஏற்றிக்கொண்டு கரையோரப் பாதையால் போனோம்.

“மாதாவைச் சுற்றுப்பிரகாரம் கொண்டுபோற மாதிரியெல்லோ இருக்கு,” என்றேன்.

“இப்பிடிக் குலுக்கினால் மாதாவும் பேசுவா. பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லுங்கோ.”

இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். நடுவில் தனியாக நின்றது வீடு. முருகைக்கல் சுவர், ஓட்டுக்கூரை. சொந்தக்காரி புஸ்பராணி அம்மா, திருகோணமலை டவுனில் இருக்கிறவ. அவவின் வீட்டு மதில் நான் கட்டியது. நாங்கள் இருந்த வீட்டின் கூரை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, “பற்றிக், வீடு சும்மாதான் கிடக்குது, இருந்துகொண்டு சின்னச் சின்ன வேலையளைச் செய்யுங்கோ,” என்று தந்தவ. ஒன்றே ஒன்றுதான் சொன்னவ.

“என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. கதவை வெளியால மட்டும் பூட்டாதையுங்கோ.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. வயதானவர்களுக்கு ஆயிரம் எண்ணம் இருக்கும்.

வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. பின்கதவு இருந்த இடத்தைச் சண்டைக் காலத்திலேயே கல்லால் அடைத்திருந்தார்கள். யன்னல்களுக்குத் தடித்த இரும்புக் கம்பி. உள்ளே போனதும் ஈரச் சுவரின் மணம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு மணமும் இருந்தது. புளித்த சோற்றின் மணம்.

“ஆரோ இப்பத்தான் தின்னுபோட்டுப் போன மாதிரி,” என்றாள் திரேசம்மா.

திங்கட்கிழமை விடிய நான் வேலைக்குக் கிளம்பினேன். சீனன்குடாவில் ஒரு கட்டடத்துக்குக் கொங்கிறீற் சிலாப் போடுகிற கிழமை அது. சோறு காய்ச்சி, தண்ணீர் நிரப்பி, வாளியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, ஆமைப்பூட்டைக் கையில் எடுத்தேன். புஸ்பராணி அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரேசம்மாவிடம் சொன்னேன்.

“அவவுக்கென்ன, டவுனில இருக்கிறா,” என்றாள். “நடக்க ஏலாத பொம்பிளை தனிய இருக்கிறன் எண்டு ஊருக்குக் காட்டவோ? பூட்டிப்போட்டுப் போங்கோ. பூட்டின வீட்டை ஒருத்தரும் தட்ட மாட்டினம்.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சண்டைக்குப் பயந்து ஓடித் திரிந்த காலத்தில் நாங்கள் கற்ற முதல் பாடம் அது. உள்ளே ஆள் இருக்க, வெளியே பூட்டுத் தொங்கவேண்டும். பூட்டைக் கண்டால் வீட்டில் ஆளில்லை என்று வந்தவர்கள் போய்விடுவார்கள். திரேசம்மா ஒன்பது வயதில் அப்படிப் பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பகல் மூச்சுக் காட்டாமல் இருந்து பிழைத்தவள். அவளுக்குப் பூட்டுத்தான் காவல்.

பூட்டினேன். அரைக் கட்டைத் தூரம் தள்ளிக் கரையில் வாடிக் குடில் போட்டு மீன்பிடிக்கிற ரிஷாத்திடம் மட்டும், “தம்பி, ஒருக்கால் எட்டிப் பார்,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பொழுது சாயும்போது திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

கதவுக்கு உள்ளே, சுவரோரம், நிலத்தில் மூன்று எனாமல் மங்குக் கோப்பைகள். நீலக் கரை. ஒவ்வொன்றிலும் சோறு, மேலே ஒவ்வொரு மூடி. ஒரு நேர்கோட்டில் அடுக்கியிருந்தன.

“என்னப்பா இது? அரக்கி அரக்கி வந்தனீரோ? கால் சரிவராமல் போனால் நானெல்லோ பாக்கவேணும்!”

“விசர்க்கதை கதைக்காதையுங்கோ. நீங்கள்தானே வைச்சனீங்கள்?”

“நானோ?”

“மத்தியானம் வந்து கதவடியில குந்திக்கொண்டு இருந்தீங்கள். கூப்பிட்டனான், திரும்பேல்ல. களைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்.”

கால் நோவுக்குப் போட்ட குளிசையின் மயக்கம் என்று நினைத்தேன். கோப்பைகள் இந்த வீட்டுக் குசினியில் கிடந்தவையாக இருக்கும், எட்டிப் பார்த்த ரிஷாத்தின் மனுசி யன்னலால் சோறு தந்திருப்பாள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டினேன். சோற்றை எறிந்து எனக்குப் பழக்கமில்லை. நாள் முழுக்கச் சீமெந்து சுமந்த உடம்பு. ஒரு கோப்பையை எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல சோறுதான். கொஞ்சம் உப்பு கூட.

சாப்பிட்டு முடியும்வரை முதுகில் யாரோ பார்ப்பது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை வழியில் ரிஷாத்தைக் கண்டேன். முதல்நாள் அவன் வரவேயில்லையாம். கடலுக்குப் போய்விட்டானாம்.

அன்று பின்னேரம் கதவடியில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

திரேசம்மா கட்டிலில் எழும்பி இருந்தாள். மெல்லச் சொன்னாள்.

“ஆரோ நடந்து திரியினம்.”

“நடந்தோ?”

“இல்ல. நடக்கேல்ல. சீமெந்துத் தரையில துணி இழுபடுற சத்தம். ஒரு இழுவை, ஒரு நிப்பு. பிறகு இன்னொரு இழுவை. குசினியில இருந்து கதவடிக்கு. கதவடியில வந்ததும் நிண்டிட்டுது.”

“காத்தா இருக்கும்.”

“காத்து மூச்சு வாங்குமோ?”

நான் கதவடிக்குப் போனேன். பழைய பலாப்பலகைக் கதவு. கட்டட வேலைக்காரன் கண் என்பதால் முதலில் பலகையைத்தான் பார்த்தேன். மேலே சொரசொரப்பாக இருந்தது. கீழே, நிலத்தில் குந்தியிருக்கிற ஒருவரின் தோளுயரத்தில், ஒரு இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து குழிந்து போயிருந்தது. உளியால் செதுக்கிய குழி இல்லை. கை படப் பட, நெற்றி படப் படத் தேய்ந்த குழி.

தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

இரண்டு கோப்பைகளையும் தொடாமல் விட்டேன். புதன்கிழமை விடிய அதில் ஒன்று துடைத்தெடுத்தது போல வெறுமையாக இருந்தது. மற்றதில் சோறு அப்படியே.

“இந்தக் கிழமையோட வேற இடம் பாப்பம்,” என்றேன். “இண்டைக்குச் சிலாப். தொடங்கினால் இடையில விட ஏலாது, ஆள் குறைஞ்சால் மேசன் பாஸ் என்னை இனிக் கூப்பிடவே மாட்டார். பின்னேரம் வந்திடுவன்.”

“புயல் எண்டு றேடியோவில சொல்லுறாங்கள்.”

“ஒவ்வொரு கார்த்திகையும் சொல்லுறதுதானே. பாதையில முழங்கால் தண்ணி நிக்கும், அடுத்தநாள் வடியும். எத்தினை தரம் பாத்திட்டம்.”

அப்படித்தான் சொன்னேன். எத்தனை தரம் பார்த்துவிட்டோம் என்று. திரேசம்மா கோப்பையை ஒருக்கால் பார்த்தாள். பிறகு, “பூட்டிப்போட்டுப் போங்கோ,” என்றாள். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பவர்களுக்குத்தான் அவள் அப்போதும் பயந்தாள். நானும் அப்படித்தான்.

பூட்டினேன்.

பத்து மணிக்குத் தொடங்கிய மழை நாங்கள் பார்த்த மழை இல்லை. வானத்தை யாரோ கவிழ்த்துவிட்டது போலக் கொட்டியது. போட்ட கொங்கிறீற் கண்முன்னால் கரைந்து கம்பியால் வழிந்தது. மத்தியானம் மேசன் பாஸே மண்வெட்டியை எறிந்துவிட்டார். பாதைக்கு வந்தால் பஸ் இல்லை. நிலாவெளிக்கு அங்கால் போக முடியாது, பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது என்றார்கள்.

ரிஷாத்துக்கு எடுத்தேன். போன் போகவில்லை. அந்த நேரம் என் போன் அடித்தது. புஸ்பராணி அம்மா.

“பற்றிக், களப்பு உடைச்சிட்டுதாம். திரேசம்மா எங்க?”

“வீட்டை.”

“கதவு?”

மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன்.

“பற்றிக். கதவு?”

“பூட்டினனான் அம்மா. அவள் தனிய எண்டு...”

அவ கதைக்கத் தொடங்கினா. முப்பத்தைந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத கதையை அவசர அவசரமாகச் சொன்னா.

“என்ர மச்சாள் ஒருத்தி இருந்தவ. பிலோமினா. என்ர மனுசனுக்கு மூத்தவ. சின்னனில காய்ச்சல் வந்து ரெண்டு காலும் விளங்காமல் போச்சுது. இருந்தபடி அரக்கித்தான் திரிவா. எண்பத்தைஞ்சில ஓடினம், மூண்டாம் நாள் வந்திட்டம். எண்பத்தேழிலயும் ஓடினம், மூண்டாம் நாள் வந்திட்டம். தொண்ணூறில ஓடேக்க காட்டுவழி, கையில ரெண்டு குழந்தையள், தூக்கிக்கொண்டு போக ஏலாது. மூண்டு கோப்பையில சோறு போட்டு வைச்சனான். மூண்டு நாள்தான் மச்சாள், வந்திடுவம் எண்டு சொன்னனான். வெளியால பூட்டினனான். பூட்டின வீட்டுக்கு ஒருத்தரும் வராயினம் எண்டுதானே...”

“எப்ப திரும்பி வந்தனீங்கள்?”

“நாலு வருசம்.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“கதவடியிலதான் இருந்தவ,” என்றா. “பிறகு நான் அந்த வீட்டைப் பூட்டினதேயில்ல. பூட்டாமல் விட்ட காலம் முழுக்க ஒண்டும் நடக்கேல்ல. கோப்பை கண்டனீங்களோ?”

“திங்கள் மூண்டு. செவ்வாய் ரெண்டு. இண்டைக்கு விடிய ஒண்டு. திங்கள் ஒண்டை நான் சாப்பிட்டனான்.”

“ஐயோ பற்றிக்! ஒரு கோப்பை அவவின்ர ஒரு நாளெல்லோ!”

“நாளைக்கு என்ன செய்வா?”

போன் செத்துவிட்டது. டவரும் விழுந்துவிட்டது என்றார்கள்.

வியாழன் விடிய ஒரு லொறியில் நிலாவெளி வரை போனேன். அதற்கு மேல் நடை. இடுப்பளவு தண்ணீர், செத்த மாடுகள், வேலிக் கம்பி. பாதை எது, களப்பு எது என்று தெரியவில்லை. பாலத்தில் கயிறு கட்டி ஆட்களை இழுத்தார்கள். அந்தப் பக்கத்தில் ரிஷாத் தன் மீன்பிடிப் போட்டோடு நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

“அண்ணன், எங்க மதினி? ஆக்கள் தங்கியிருக்கிற ஸ்கூல்ல விட்டிட்டா வாறீங்க?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

“நேத்துப் பின்னேரம் நான் வந்து பாத்தன் அண்ணன். தண்ணி வாசல்ல நிண்டிச்சு. பூட்டுத் தொங்கிச்சு. மதினியையும் கூட்டிட்டுப் போயிட்டீங்க எண்டு நெனச்சு...” கையால் வாயைப் பொத்தினான். “பூட்டுத் தொங்கிச்சே அண்ணன்.”

போட்டில் போனோம். பகல் இரண்டு மணி. ஆனால் வெளிச்சம் விளக்குத் திரியைக் குறைத்தது போல மங்கியிருந்தது. வீடு பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது. காற்று இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை.

கதவின் முன்னால் மூன்று மங்குக் கோப்பைகள் மிதந்துகொண்டிருந்தன. மூன்றும் வெறுமை.

நான் போட்டை விட்டு இறங்கினேன். பூட்டு நெஞ்சளவில், தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கியது. நான் பூட்டியபடியே.

“திரேசம்மா!”

சத்தமில்லை.

“திரேசம்மா!”

தட்.

உள்ளேயிருந்து யாரோ கதவில் கையால் அடித்தார்கள். நான் திறப்பைப் பூட்டில் வைத்தேன். அப்போதுதான் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறைத்தது.

தட்.

கீழேயிருந்து.

குந்தியிருப்பவரின் தோளுயரத்திலிருந்து.

தண்ணீருக்குள்ளிருந்து.

போட்டிலிருந்த ரிஷாத் ஓதத் தொடங்கினான். திறந்தேன். கதவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெல்ல உள்ளே போனது. உள்ளே கறுத்த தண்ணீர். கட்டில் கவிழ்ந்து மிதந்தது. புளித்த சோற்று மணம் மூக்கை அடைத்தது.

“மெல்லக் கதையுங்கோ,” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

குரல் வந்த பக்கம் போனேன். குசினிப் பரணில், ஓட்டுக்குக் கீழே, திரேசம்மா இருந்தாள். என் தலைக்கு மேலே இரண்டு முழ உயரம். பிளாஸ்ரர் நனையவில்லை. தலையை யாரோ வாரி, இறுக்கிப் பின்னிவிட்டிருந்தார்கள். அப்படி இரட்டைப் பின்னல் அவள் ஒருநாளும் போட்டதில்லை.

“ஆர் ஏத்தினது?”

“அக்கா.”

“எந்த அக்கா?”

அவள் விரலை நீட்டினாள். எனக்கும் கதவுக்கும் நடுவில், வெறும் தண்ணீரை நோக்கி.

“தோளைக் குடுத்தவ. தரையில நிக்க ஏலாதாம். தண்ணிக்குள்ள காலுக்குப் பாரமில்லையாம், நிக்கலாமாம். முதல்முதலாய் இப்பத்தானாம் நிக்கிறா. நான் வாக்குக் குடுத்திட்டன் பற்றிக். போகேக்க அவவையும் கொண்டுபோறம் எண்டு.”

அவளை இறக்கித் தோளில் போட்டேன். கதவுவரை பத்து அடி. ஐந்தாவது அடியில் என் மற்றத் தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த, ஊறிச் சுருங்கிய கை. பிடிக்கத் தெரியாத பிள்ளையின் கையைப் போல, தூக்கும்வரை காத்திருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தோளை உதறினேன்.

கதவுக்கு வெளியே பாய்ந்து, திரேசம்மாவை ரிஷாத்திடம் கொடுத்து, திரும்பிக் கதவை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகு செய்ததை நான் நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது. முப்பது நாற்பது வருடமாகப் பயம் வந்த நேரமெல்லாம் அந்தக் கை செய்து பழகியதையே செய்தது.

கிளிக்.

பூட்டி விட்டேன்.

திரேசம்மா போட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஷாத் எஞ்சினை இழுத்தான். அது பற்றவில்லை. உள்ளே கதவில் தட்டுகிற சத்தம் தொடங்கியது. கோபமாகத் தட்டவில்லை. மெல்ல, மரியாதையாக, வாசலில் நிற்கிற விருந்தாளி தட்டுவது போல.

“அண்ணன், உள்ளுக்கு இன்னும் ஆள் இருக்கா?” என்றான் ரிஷாத்.

“இல்ல,” என்றேன்.

தண்ணீர் வடிந்து பத்தாம் நாள் புஸ்பராணி அம்மாவோடு போய்ப் பூட்டைத் திறந்தேன். தரை முழுக்க வண்டல், காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஒரு அடையாளமும் இல்லை. அவ ஒவ்வொரு அறையாகப் போய், “மச்சாள்... மச்சாள்...” என்று கூப்பிட்டா. பதில் இல்லை. புளித்த மணமும் இல்லை. கதவைக் கழற்றி விறகுக்குக் கொடுத்தோம். “போயிட்டா போல,” என்று அவ அழுதா. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

நாங்கள் இப்போது தோப்பூரில் இருக்கிறோம். குடாவைச் சுற்றி இந்தக் கரைக்கு, அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரம் வந்துவிட்டேன். திரேசம்மாவின் கால் சரி. நடக்கிறாள், சந்தைக்குப் போகிறாள். அந்த வாக்கைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை.

முந்தநாள் விடியற்காலையே அவள் சந்தைக்குப் போய்விட்டாள். எனக்கு மூதூரில் இரண்டு நாள் வேலை. உடுப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று செருப்பைக் கொழுவினேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது, அடுத்த வளவில் பிள்ளைகள் கத்தி விளையாடினார்கள்.

எனக்குப் பின்னால், நிலத்தோடு நிலமாக, ஒரு பொம்பிளைக் குரல் மரியாதையாகக் கேட்டது.

“எப்ப வருவியள்?”

நான் வாயைத் திறக்கவில்லை. என்ன சொன்னாலும் அது அந்த மூன்று நாள் போல இன்னொரு கணக்காகிவிடும். நாளைக்கு என்றாலும், பின்னேரம் என்றாலும், இந்தா வாறன் என்றாலும்.

இரண்டு நாளாகிவிட்டது. மூதூரிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வாசலுக்கு நான் போகிற நேரமெல்லாம், பின்னால் ஒரு இழுவை, ஒரு நிப்பு.

பிறகு, பதிலுக்காக அடக்கிப் பிடித்த மூச்சு.